மார்க்கோனியும் பொது வானமும்

ஒரு பெருங்கூடத்தில் நாற்பது பேர் ஒருங்கே வாய்திறந்து உரக்கப் பேசுவாராயின், ஒருவர் பேச்சும் ஒருவர்க்கும் விளங்காது. ஆயினும் அக்கூடத்திலேயே ஒருவர் குழலும், ஒருவர் வீணையும், ஒருவர் மத்தளமும் இசைப்பராயின், பழகிய செவி தான் விரும்பிய ஒன்றைப் பிரித்துக் கேட்கவல்லது. கம்பியில்லாத் தந்தியின் வரலாறு பெரும்பாலும் முதல் நிலையினின்று இரண்டாம் நிலைக்கு வந்த வரலாறேயாம். கம்பித் தந்திக்கு ஊருக்கு ஊர் தனிவழி உண்டு. சென்னைக்குச் செல்லும் கம்பியிற் பேசுவோன் மதுரைக்குச் செல்லும் கம்பியிற் பேசுவோனுக்கு இடையூறு செய்யான். கம்பியில்லாத் தந்திக்கோ வழி ஒன்றே. அது யாவர்க்கும் பொதுவாகிய வெளி. அவ்வெளியிற் பலர் ஒருங்கே பேசுதற்கு வழி காணப் பெரிதும் உழைத்தவரும், வழி கண்டபின் அவ்வெளியில் தம்மவரன்றிப் பிறர் பேசலாகாதெனத் தடுக்க முயன்றவரும் ஒருவரே. அவர் குலியெல்மோ மார்க்கோனி. அவர் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே செய்தி அனுப்பினார் என்பதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அவர் வாழ்க்கையின் மற்றைப் பகுதி அத்துணை அறியப்படாதது. ஆதலின் அதனையே முதன்மையாகக் கொண்டு இங்கு எழுதலானோம்.

மார்க்கோனி 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ஆம் தேதி இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரிற் பிறந்தார். தந்தையார் ஜுஸெப்பே நிலபுலமுடைய செல்வர். தாயார் ஆனி ஜேம்ஸன், அயர்லாந்தில் வடிசாலைத் தொழிலாற் பெயர்பெற்ற குடும்பத்தினர், பிராட்டஸ்டண்டு சமயத்தவர். தாயாராற் சிறுவர்க்கு ஆங்கிலம் தாய்மொழிபோலவே அமைந்தது. பிற்காலத்தில் அவர் தொழில் நிலைபெற்றதும் அத்தாயாரின் உறவினர் துணையாலேயே. பள்ளிப்படிப்பிற் சிறந்தவரல்லர். பொலோஞா சர்வகலாசாலையில் மாணவராகச் சேரவும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஆயினும் அங்குப் பௌதிக ஆசிரியராயிருந்த அவுகுஸ்தோ ரீகி என்பார் இவர்கள் கிராம மாளிகைக்கு அணித்தே வாழ்ந்தவராதலால், அவரிடம் அடிக்கடி சென்று நூல்களையும் கருவிகளையும் காணும் பேறு பெற்றார்.

மின்காந்த அலைகள் உண்டென்பதைச் சோதனையால் நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1894-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இளவயதிலேயே இறந்தார். அவரைக் குறித்து ரீகி எழுதிய இரங்கற் கட்டுரையை அவ்வாண்டுக் கோடையில் மார்க்கோனி படித்தார். அவ்வலைகளாற் செய்தி அனுப்பலாகாதோ என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. போந்தேக்கியோ என்னும் ஊரிலிருந்த தம் குடும்ப மாளிகையின் மேன்மாடத்திற் சோதனைகளைத் தொடங்கினார். ஹெர்ட்ஸ் கண்ட மின்பொறியும், பிரான்லி முதலியோர் ஆராய்ந்த உலோகத்தூள் குழாயும் முன்னரே இருந்தவை. மார்க்கோனி செய்ததெல்லாம் அனுப்பும் கருவியிலும் ஏற்கும் கருவியிலும் ஒரு முனையை நிலத்திலும் மறுமுனையை உயர்ந்த கம்பியிலும் பிணைத்தமையே. அது சிறு செயலன்று. 1895-இல் அலை குன்றொன்றைக் கடந்து அப்பாற் சென்றது. மறைவிலிருந்த தமையனார் துப்பாக்கி வெடித்து அதனை அறிவித்தார். அக்காலத்திலேயே கல்கத்தாவில் நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ் இன்னும் குறுகிய அலைகளைக் கொண்டு நுட்பமான ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார் என்பதையும் இங்கு நினைத்தல் தகும். அவர் நாட்டம் அலையின் இயல்பை அறிதலில். மார்க்கோனியின் நாட்டம் அதனைத் தொழிலாக்குதலில்.

1896-இல் தாயாருடன் லண்டன் சென்று பேட்டண்டு பெற விண்ணப்பித்தார். பிரித்தானியத் தபால் இலாகாவின் தலைமை எஞ்சினீயர் வில்லியம் பிரீஸ் ஆதரவு தந்தார். 1897 மே மாதத்திற் பிரிஸ்டல் கால்வாய்க்கு மேலாகச் செய்தி சென்றது. அவ்வாண்டு ஜூலையிற் கம்பெனி அமைந்தது. 1899 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் செய்தி பரிமாறப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, நியூயார்க்கை அடுத்த கடலில் நடந்த பாய்மரப் படகுப் பந்தயச் செய்திகளைப் பத்திரிகைக்கு உடனுக்குடன் அனுப்பிப் புகழ் பெற்றார். அப்பொழுது வானில் அவர் ஒருவரே பேசினார். ஆதலின் இடையூறு ஒன்றுமில்லை.

இடையூறு யாதென்பதைச் சிறிது விளக்குவோம். வெண்கல மணியை ஒருமுறை அடித்தால் அதன் நாதம் நீண்டு ஒலிக்கும்; அதன் சுருதி இன்னதென்று சொல்லலாம். உடைந்த பானையைத் தட்டினாலோ ஒரு சத்தம் எழுந்து அக்கணமே அடங்கும்; அதற்குச் சுருதி இல்லை, அல்லது எல்லாச் சுருதியும் கலந்துள்ளது எனலாம். மார்க்கோனியின் முதற் கருவி உடைந்த பானையை ஒத்தது. மின்பொறி தோன்றும் இடத்திலேயே வான்கம்பி நேராகப் பிணைக்கப்பட்டிருந்தமையால், மின்னாற்றல் முழுவதும் இரண்டொரு அசைவிலேயே வெளியிற் கொட்டிப் போயிற்று. அவ்வலை ஏற்கும் கருவி எதுவாயினும் அதனைத் தட்டி எழுப்பும். ஆகவே ஓரிடத்தில் ஒருவன் பேசும்போது அப்பகுதியில் வேறெவனும் பேசுதற்கில்லை; பேசினால் இருவர் செய்தியும் கெடும். பகைவன் கேட்கலாகாத செய்தியையும் பகைவன் கேட்பான். கடற்படையினர் இதனைக் கண்டு மிகவும் அஞ்சினர். செய்தி எட்டுந் தூரத்தைப் பெருக்கியதனால் மட்டும் இக்குறை தீராது. உண்மையில் தூரம் பெருகப் பெருகக் குறையும் பெருகும். இரண்டு மைல் எட்டுங் குரல் இரண்டு மைலுக்குள்ளாரைக் கெடுக்கும். இருநூறு மைல் எட்டுங் குரல் ஒரு நாடு முழுவதையும் கெடுக்கும்.

இதற்கு மருந்து சுருதி சேர்த்தல் என்பதை முதலிற் கண்டவர் மார்க்கோனியல்லர். இங்கிலாந்தில் ஆலிவர் லாட்ஜ் என்னும் பேராசிரியர் 1889-லேயே இரண்டு லீடன் ஜாடிகளைச் சுருதி ஒப்பச் செய்து, ஒன்றிற் பொறி எழ மற்றொன்றிலும் பொறி எழுதலைக் காட்டியிருந்தார். ஒரே சுருதியில் அமைந்த இரு தந்திகளில் ஒன்றை மீட்ட மற்றொன்று தானே அதிர்தலை வீணை பயின்றோர் அறிவர். அது போன்றதே இது. 1897-இல் லாட்ஜ் இதற்குப் பேட்டண்டும் பெற்றார். ஆனால் அவர் கருவி ஒரு சங்கடத்தினின்று முற்றும் நீங்கவில்லை. நாதம் நீடிக்கவேண்டின் ஆற்றலை உள்ளே தேக்கவேண்டும். தேக்கினாலோ அது வெளியிற் செல்வது குறையும். தொலைவும் வேண்டும், சுருதியும் வேண்டும் என்றால் என் செய்வது?

மார்க்கோனியின் விடை 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதிப் பேட்டண்டில் உள்ளது. அதன் எண் 7777. ஆதலின் நான்கு ஏழுகள் என்றே அது வழங்கலாயிற்று. அதில் தேக்குதலையும் வெளியிடுதலையும் இரு வேறு சுற்றுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஜாடியும் சுருளும் அடங்கிய மூடிய சுற்று ஆற்றலைத் தேக்கிச் சுருதி தவறாது அசையும். அதனோடு சுருளாற் பிணைந்த வான்கம்பிச் சுற்று அவ்வாற்றலைச் சிறிது சிறிதாக ஏற்று வெளியில் விடும். ஏற்கும் நிலையத்திலும் அவ்வாறே இரண்டு. இந்நான்கு சுற்றுக்களிலும் சுருளின் மின்தூண்டல் அளவையும் ஜாடியின் கொள்ளளவையும் பெருக்கி வருந்தொகை ஒன்றாயிருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் ஒன்றன் அசைவு மற்றதற்குத் தடையின்றிச் செல்லும். சுருதி மாறியவற்றை அது எழுப்பாது. அவ்வாண்டிலேயே, ஏறக்குறைய 30 மைல் அப்பாலிருந்து ஆங்கிலத்தில் ஒன்றும் பிரெஞ்சு மொழியில் ஒன்றுமாக ஒரே வேளையில் அனுப்பப்பெற்ற இரு செய்திகளைப் பூல் நகரை அடுத்த நிலையத்தில் ஒரே வான்கம்பியிற் பிணைத்த இரு கருவிகள் தனித்தனியே பிழையின்றி ஏற்றன. பேராசிரியர் பிளெமிங் இதனைப் பத்திரிகைக்கு எழுதினார். ஒரு வெளியில் இருவர் பேசலாம் என்பது காட்டப்பட்டது.

இவ்வழியை மார்க்கோனி தனித்துக் கண்டார் என்றல் நியாயமன்று. ஜெர்மனியில் பிரவுன் என்பார் இரு சுற்றுக்களைப் பிணைக்கும் முறையைத் தாமே கண்டிருந்தார்; 1909-இல் நோபெல் பரிசு இருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது பொருத்தமே. லாட்ஜின் பேட்டண்டு 1911-இல் ஏழாண்டு நீட்டிக்கப்பட்டபோது, மார்க்கோனிக் கம்பெனி வழக்கை நாடாது அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. மார்க்கோனி இறந்து ஆறாண்டு சென்றபின், 1943-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் என்னும் மூவரும் முந்தியவர் எனக் கொண்டு, அவருடைய அமெரிக்கப் பேட்டண்டின் முதன்மையான கோரிக்கைகளைத் தள்ளியது.

சுருதி கண்டபின்னும் வானம் அமைதியுறவில்லை. 1901-இல் மீண்டும் படகுப் பந்தயம் வந்தது. இம்முறை மார்க்கோனியோடு டி பாரஸ்ட் முதலிய போட்டியாளரும் கருவி கொணர்ந்தனர். யாவரும் ஒருங்கே பொறி எழுப்ப, ஒருவர் செய்தியும் உருப்படவில்லை. பத்திரிகைகள் கொடியசைத்து அறிவிக்கும் பழைய முறையை நாடலாயின. அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் தேதி நியூபவுண்ட்லாந்துக் குன்றில், கார்ன்வாலினின்று சமுத்திரங் கடந்து வந்த மூன்று புள்ளிகளைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. வான்கம்பியைத் தாங்கிய காற்றாடி புயற்காற்றில் ஏறியும் இறங்கியும் ஆட, அதன் கொள்ளளவு கணந்தோறும் மாறியது; சுருதி சேர்க்க இயலவில்லை. ஆதலின் தம் புகழ்பெற்ற நான்கு ஏழுகளை ஒதுக்கிவிட்டுச் சுருதியற்ற எளிய கருவியைக் காதில் வைத்தே அவர் கேட்டார். அவர் கேட்டது செய்தியோ வானத்து இடியின் இரைச்சலோ என்று அறிஞர் ஐயுறுதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

1903 ஜூன் மாதத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனிற் பிளெமிங் சொற்பொழிவாற்றினார். கார்ன்வாலிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தி சபையிற் பெறப்படும் என ஏற்பாடு. செய்தி வருமுன்னரே கருவி எலிகளைப் பற்றிய ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டத் தொடங்கி, மார்க்கோனியை எள்ளும் பாட்டொன்றையும் தட்டியது. செய்தவர் நெவில் மாஸ்கலீன் என்னும் செப்படிவித்தைக்காரர். அவரும் கம்பியில்லாத் தந்தி வல்லவர். அருகிலிருந்து வலிய அலையை எழுப்பினாற் சுருதிக் காவல் பயன்படாது என்பதை அவர் வெளிப்படையாகக் காட்டினார். பிளெமிங் வெகுண்டு பத்திரிகைக்கு எழுதினார். எமக்கு மாஸ்கலீன் செய்தது பண்பற்ற செயலாகத் தோன்றினும், பிறர்க்கு விற்கும் பொருளின் குறையை எடுத்துக்காட்டினவரை முற்றும் பழித்தல் அரிது.

இனி, மார்க்கோனியின் புகழுக்கு மாசாகிய பகுதிக்கு வருவோம். அவர் கம்பெனி கப்பல்களுக்குக் கருவியை விற்கவில்லை. கருவியையும் அதனை இயக்குவோரையும் சேர்த்து வாடகைக்கு விட்டது. அவ்வூழியர், ஆபத்துக் காலமொழிய, பிறர் கருவி தாங்கிய கப்பலோடு பேசலாகாதென்பது கட்டளை. கம்பெனியார் சொன்ன நியாயம் இரண்டு: கரையோர நிலையங்களைத் தம் பொருளாற் கட்டியது தாமே, பல முறையினர் கலந்தால் வானிற் குழப்பமே விளையும். முதல் நியாயத்தில் உண்மையுண்டு. இரண்டாவதில் உள்ளதும் பொய்யன்று. ஆயினும் பொதுக் கூடத்தின் வாயிலில் ஒரு வணிகன் நின்று, தன் கடையில் வாங்கிய குழலன்றி வேறு குழல் இங்கு ஊதலாகாது என்பானாயின், அதனை எவர் பொறுப்பர்? 1902-இல் ஜெர்மானிய மன்னரின் தம்பி பிரஷ்ய இளவரசர் ஹைன்ரிக் அமெரிக்காவினின்று திரும்பியபோது, அவர் ஏறிய கப்பலின் கருவி ஜெர்மானியருடையதாதலால் மார்க்கோனி நிலையங்கள் அதனோடு பேசவில்லை என்ற முறையீடு எழுந்தது. 1903-இல் பெர்லினிற் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடினர். மார்க்கோனியோடு உடன்படிக்கை செய்திருந்த பிரித்தானியாவும் இத்தாலியும் அப்பொழுது இணங்கவில்லை. 1906-இல் மீண்டும் கூடி, எம்முறைக் கருவியாயினும் கப்பலும் கரையும் ஒன்றோடொன்று பேசியே தீரவேண்டும் என விதித்தனர், கப்பற் செய்திக்கு 300 மீட்டர், 600 மீட்டர் அலைநீளங்களையும் குறித்தனர், ஆபத்துக்குறியையும் ஒன்றாக்கினர். 1908 ஜூலை முதல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது.

விதி வந்தும் ஒழுங்கு முழுவதும் வரவில்லை என்பதை 1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு காட்டியது. டைட்டானிக் கப்பலின் தந்திக்காரர் பயணிகளின் சொந்தச் செய்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்புவதில் ஈடுபட்டிருந்தார். பனிக்கட்டிகளிடையே நின்றுவிட்ட கலிபோர்னியன் என்னும் கப்பல் அணித்தே இருந்தது. அதன் தந்திக்காரர் அபாயத்தை அறிவிக்கக் குறுக்கிட்டார். பொறிக்கருவியின் அலை மிக அருகிலிருந்து எழுந்தமையால் அது டைட்டானிக் தந்திக்காரரின் செவியை அறைந்தது. அவர் சினந்து, தம் வேலையைக் கெடாது வாளா இருக்குமாறு பதில் விடுத்தார். கலிபோர்னியன் தந்திக்காரர் சிறிதுநேரம் கேட்டிருந்து, கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன்பின் சில நிமிஷங்களில், 11 மணி 40 நிமிஷத்துக்கு, டைட்டானிக் பனிமலையில் மோதியது. ஏறக்குறைய 1,500 பேர் மாண்டனர். 58 மைலுக்கு அப்பாலிருந்த கார்பேதியாவின் தந்திக்காரர் அன்று படுக்கத் தாமதித்தமையாலேயே அபயக்குரல் கேட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். மூன்று கப்பலிலும் இருந்தவை மார்க்கோனிக் கருவிகளே. மூவரும் மார்க்கோனியின் ஊழியரே. ஆதலின் பிறர் முறை கலந்ததால் விளைந்த கேடு என்று இதனைச் சொல்ல வழியில்லை.

பிழைத்தோர் மார்க்கோனியைத் தம்மைக் காத்தவரெனப் போற்றினர். அவர் அக்கப்பலிலேயே செல்ல அழைக்கப்பெற்றும், மூன்று நாள் முந்திய வேறு கப்பலில் வந்து நியூயார்க்கில் இருந்தார். அவ்வாண்டே அமெரிக்கா சட்டமியற்றித் தனிப்பட்ட ஆர்வலரை 200 மீட்டருக்குக் குறைந்த, பயனற்றவை எனக் கருதப்பட்ட அலைகளுக்குத் தள்ளியது. பின்னர் ஏற்பட்ட கடல் விதிகளுள் ஒன்று மிகவும் நினைக்கத்தக்கது: ஒவ்வொரு மணியிலும் இருமுறை, மும்மூன்று நிமிஷம், 600 மீட்டர் அலையில் எக்கப்பலும் பேசாது செவிசாய்த்திருக்க வேண்டும், மெலிந்த அபயக்குரல் ஒன்று உண்டாயின் அப்பொழுது கேட்கும். தந்தி அறைக் கடிகாரத்தின் முகத்தில் அந்நிமிஷங்கள் செந்நிறத்தால் தீட்டப்பட்டிருந்தன. 1999-இல் வேறு முறை வரும்வரை கடலோர் இதனைக் கைக்கொண்டனர்.

மார்க்கோனி 1912-இல் மோட்டார் விபத்தொன்றில் வலக்கண்ணை இழந்தார், உழைப்பை விடவில்லை. பொறிக்கருவிக்கு மாறாக இடையறாத அலையைத் தரும் வால்வுகள் வந்தபின் ஒவ்வொரு நிலையமும் வானில் மிகக் குறுகிய இடத்திலேயே அமையலாயிற்று. முதல் உலகப்போருக்குப்பின் எலெட்ரா என்னும் கப்பலை வாங்கி அதனையே ஆராய்ச்சிச்சாலையாக்கினார். ஆர்வலரிடம் எறியப்பட்ட அக்குறுகிய அலைகளே உலகைச் சுற்றவல்லவை என்று கண்டு, நெடிய அலைகளை நம்பித் தாமும் பிறரும் பெரும்பொருள் வீணாக்கியதை ஒளியாது ஒப்புக்கொண்டார். குறுகிய அலையை விளக்கின் கதிர்போல ஒருமுகமாக்கி ஒரு திசைக்கே செலுத்தலாம். ஆகவே சுருதியினாலன்றித் திசையினாலும் வானத்தைப் பங்கிடலாம் என்றாயிற்று. 1926-இல் கனடாவுக்கும், 1927-இல் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகியவற்றுக்கும் இக்கதிர்த் தந்தி திறக்கப்பட்டது. நம் நாட்டு நிலையங்கள் பூனாவை அடுத்த கிர்க்கியிலும், தோண்டிலும் இருந்தன.

இன்று நம் கையிலுள்ள கைப்பேசிகளும் இவ்வழிகளையே நுட்பமாக்கிக் கொண்டவை. 1991-இல் பின்லாந்தில் தொடங்கிய ஜி.எஸ்.எம். முறையில், சுருதியாற் பிரித்த அலைவரிசை ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் முறைவைத்துப் பேசுவர். ஒருவர்க்குரிய முறை ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கிலும் சிறிது. செவி அவ்விடைவெளியை உணராது. பிறிதொரு முறையில் யாவரும் ஒரே அலையில் ஒருங்கே பேச, அவரவர்க்குரிய சங்கேதத்தாற் கருவி பிரித்தெடுக்கும். சந்தையிரைச்சலில் நம் தாய்மொழி மட்டும் நம் செவியில் தனித்து விழுதல் போன்றது அது.

மார்க்கோனியின் கடைசி ஆண்டுகளை மகிழ்ச்சியோடு எழுதுதற்கில்லை. 1923-இல் பாசிஸ்டுக் கட்சியிற் சேர்ந்தார். 1930-இல் முசோலினி அவரை இத்தாலிய ராஜரீக அக்காடமியின் தலைவராக்கினார். 1935-இல் அபிசீனியாவின்மேல் இத்தாலி படையெடுத்ததை நியாயப்படுத்த இங்கிலாந்து சென்றபோது, தம் உழைப்பாற் பிறந்த வானொலியிலேயே பேச அவர்க்கு அங்கு இடங்கொடுக்கப்படவில்லை. பிறர்க்கு வழியடைத்த இளைஞர்க்கு முதுமையில் வழியடைபட்டது.

நெஞ்சுநோயால் நெடுநாள் வருந்தி 1937-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி ரோமாபுரியில் இறந்தார். மறுநாள் அரசாங்க மரியாதையுடன் அடக்கம் நிகழ்ந்தது. அன்று மாலை 6 மணிக்குப் பிரித்தானியத் தபால் இலாகாவின் கம்பியில்லா நிலையங்களும் வானொலி நிலையங்களும் இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசாதிருந்தன.